பக்கத்து வீட்டுப் பாம்பு

நாடகம் போடுகிறவனுக்கு நள்ளிரவுதான் நண்பகல். சென்ற திங்களில் ஓர் இரவு, வண்ணார்பேட்டையில் தோழர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை முடிந்தது. வசனத்தை மறந்த வில்லனைக் கடிந்து, வாளை மறந்து வந்த தளபதியைக் கேலி பேசி, களைத்துப் படியிறங்கினேன். அப்போது இளைஞர் ஒருவர் என் கையைப் பற்றினார். "அண்ணாச்சி, ஒரு வேடிக்கை காட்டுதேன், வாங்க" என்றார்.

அடுத்த தெரு. அண்மையில் எழும்பிய மூன்றடுக்கு வீடு. முன்கூடத்தில், நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்குமிடத்தில், ஆளுயரக் கண்ணாடிப் பேழை. உள்ளே செந்நிற விளக்கு. அந்த வெளிச்சத்தில் குளிர்காய்ந்துகொண்டு, வாழைக்குருத்தின் பச்சையில், முதுகெங்கும் ரம்பப் பல் வரிசையோடும் தாடைக்கடியில் தொங்கும் தோலோடும் படுத்திருந்தது ஒரு பிராணி. "இக்வானா அண்ணாச்சி! தென் அமெரிக்கா!" என்றார் வீட்டுக்குரியவர். எங்கள் ஊர் வேலியோரத்து ஓணானை யாரோ உரம் போட்டு வளர்த்தது போல இருந்தது. அதற்கு அடுத்த பெட்டியில் சுருண்டு கிடந்தது ஒரு பாம்பு. பெயர் பால் பைத்தான் என்றார். "பால் குடிக்குமா?" என்று கேட்டு வைத்தேன். கூடமே சிரித்தது. அந்தப் பால் ஆவின் பால் அன்றாம், ஆங்கிலத்துப் பந்தாம்! அச்சம் வந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, நஞ்சற்றது. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவனுக்குப் பாடம் எங்கெங்கோ கிடைக்கிறது!

நல்ல மனிதர் அவர். சுக்குக் காப்பி கொடுத்தார். கேளாமலே ஒரு தாளையும் எடுத்துக் காட்டினார். அரசாங்கப் பதிவுச் சான்று! இரண்டு உயிர்களுக்கும் முறைப்படி பதிவு. குற்றம் சொல்ல ஓரிடமில்லை.

வெளியே வந்தேன். பக்கத்து வீடு ஓட்டு வீடு. திண்ணையில் தூக்கமின்றி உட்கார்ந்திருந்தார் ஓர் ஆச்சி. வெளுப்புத் தொழில் செய்து முதுகு வளைந்தவர். தாமிரபரணிக் கரைக் கல்லில் அறுபதாண்டு துணி துவைத்த கை.

"பாம்பு பாத்தியளோ?" என்றார்.

"பார்த்தேன் ஆச்சி. நஞ்சு கிடையாதாம். பயப்பட வேண்டாம்."

"நஞ்சு இருக்கோ இல்லையோ, எனக்கென்னய்யா தெரியும்? ஆத்துல வெள்ளம் வந்தன்னைக்கு என் தகரப் பொட்டியே மெதந்து போச்சு. அவுக பொட்டி மட்டும் அங்கனயே நிக்குமா? நாளைக்கு இதவிடப் பெருசா ஒண்ணக் கொண்டாந்தாகன்னா, கேக்கதுக்கு யாரு இருக்கா?"

தோழர்களே! அரங்கேறிய நாடகங்களில் நான் எழுதிய வசனங்களையெல்லாம் அந்த ஒரு கேள்வி அடித்துக்கொண்டு போய்விட்டது. சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். சட்டம் பயின்ற தோழர்களைச் சலிக்க வைத்தேன். ஆச்சியின் கேள்விக்கு விடை எங்கே என்று தேடினேன். தேடியதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த வெள்ளத்தை நினைவுகூருங்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களை நெல்லைச் சீமையில் மறந்தவர் உண்டா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியதை வானம் ஓரிரவில் கொட்டிற்று. பொருநை பொங்கினாள். கொக்கிரகுளத்திலே ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம். சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாயிற்று. வண்ணார்பேட்டைத் தெருக்களில் படகு. 1843ஆம் ஆண்டில் சுலோசன முதலியார் தம் பொருளைக் கொட்டிக் கட்டிக் கொடுத்த பாலத்தின் மீது நின்று, கீழே மாடும் மரமும் பாத்திரமும் பண்டமும் மிதந்து போவதைக் கண்ணீரோடு பார்த்தோமல்லவா? அந்த வெள்ளம் பூட்டை மதித்ததா? பூசாரி வீடென்றும் புலவர் வீடென்றும் பார்த்ததா? கண்ணாடிப் பேழையை மட்டும் கனிவோடு ஒதுங்கிச் சென்றிருக்கும் என்றா எண்ணுகிறீர்கள்?

அதே டிசம்பரில், அதற்கு இரு வாரம் முன்பு, புயல் மழையின்போது சென்னை பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்து சென்ற முதலையை நாடே படத்தில் பார்த்து நடுங்கிற்று. அது நம் ஏரிகளில் காலங்காலமாக வாழும் முதலை. ஏரி நிறைந்தது, எழுந்து நடந்தது. வீட்டு முதலாளி வளர்த்தது அல்ல. ஆயினும் வெள்ளம் வந்தால் தண்ணீரோடு எது வேண்டுமானாலும் வாசலுக்கு வரும் என்பதை அது காட்டிற்றா, இல்லையா?

கடல் கடந்த கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலே ஃபுளோரிடா மாநிலம். அங்கே எவர்கிளேட்ஸ் என்றொரு பெரும் சதுப்பு நிலம். பர்மாவிலிருந்து மலைப்பாம்புக் குட்டிகளைக் கொண்டுவந்து அழகுக்கு வளர்த்தார்கள் செல்வர்கள். குட்டியாயிருந்தபோது கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டவர்கள், அது ஆளை விழுங்கும் நீளத்துக்கு வளர்ந்ததும் இரவோடிரவாகச் சதுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். 1992இல் ஆண்ட்ரூ புயல் பாம்புப் பண்ணை ஒன்றைச் சிதைத்ததும் அதற்குத் துணை செய்தது என்பர். விளைவு? 2012இல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: தெருவோரம் திரிந்த ரக்கூன் என்ற சிறு விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது, ஒப்போசமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிட்டது. பாம்பு வளர்த்தவன் எங்கோ நிம்மதியாக உறங்குகிறான், காடு காலியாகிவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு விலங்குகளைப் பற்றி ஐயமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புலியும் சிறுத்தையும் வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தாலும் குற்றம், நட்சத்திர ஆமையைத் தொட்டியில் வைத்தாலும் குற்றம். பிற நாட்டு விலங்குகளின் நிலை என்ன? நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. வைத்திருப்பதைத் தாமாக முன்வந்து அறிவியுங்கள், ஆறு திங்களுக்குள் அறிவித்தால் எங்கிருந்து வந்தது என்று தாள் கேட்க மாட்டோம் என்றது. கள்ளத்தோணியில் வந்ததற்கும் கண்ணியச் சான்று! பிறகு 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 28இல் பதிவு விதிகள் வெளியாயின. ஆறு திங்கள் கெடு. பரிவேஷ் என்ற இணையத்தளத்தில் விண்ணப்பம்; சென்னையிலிருக்கும் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் சான்று.

இது நல்ல சட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, எந்த விலங்குகளுக்கு இந்தச் சட்டம்? சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்படிக்கை ஒன்று உண்டு. 1973இல் வாஷிங்டனில் உருவானது. 1976இல் இந்தியா சேர்ந்தது. அழிந்துவிடுமோ என்று அஞ்சத்தக்க உயிர்களின் வணிகத்தை அடக்குவது அதன் நோக்கம். அதன் பட்டியலில் உள்ள உயிர்களுக்கே இந்தப் பதிவு. இக்வானா அதில் உண்டு. பால் பைத்தான் உண்டு. ஆனால் அமெரிக்கக் கிங் பாம்பு அதில் இல்லை. ஆப்பிரிக்காவில் கபூன் விரியன் என்று ஒரு கொடிய நாகம் உண்டு. பாம்புகளிலேயே மிக நீண்ட நச்சுப் பல் அதற்குத்தான். அதுவும் அந்தப் பட்டியலில் இல்லை!

விந்தை விளங்குகிறதா? விலங்கு அரிதா என்று கேட்கிறது சட்டம். ஆபத்தானதா என்று கேட்கவில்லை. அரிதான ஆமைக்குப் பதிவு வேண்டும். அரிதல்லாத, ஆனால் ஆளைக் கொல்லும் விரியனுக்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. விலங்கின் உயிருக்கு ஒரு பட்டியல் போட்டவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சியின் உயிருக்கு ஒரு பட்டியல் போட மறந்தார்கள்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நெல்லைச் சீமையில் வயலுக்குப் போகிறவன் பாம்பை அறிவான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு. கடித்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கே நச்சுமுறி மருந்து இருக்கிறது. அம்மருந்து எப்படி உண்டாகிறது? 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் அந்த நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் ஏற்றி, அதன் குருதியிலிருந்து மருந்து பிரிக்கிறார்கள். நான்கு பாம்பின் நஞ்சு கொண்டு செய்த மருந்து. அந்த நான்குக்கே உரியது. ஆப்பிரிக்க விரியன் கடித்தால்? மருத்துவர் என்ன செய்வார் பாவம்! அலமாரியைத் திறப்பார், மூடுவார். கடித்தது இன்னதென்று சொல்லவே ஆளிருக்காது. பெட்டி வைத்திருந்த பெருமகனார் வழக்குக்கு அஞ்சி வாய் திறக்க மாட்டார்.

"நம்மூரில் அப்படியெல்லாம் யார் வளர்க்கப் போகிறார்கள்? பூதம் காட்டாதே" என்று சிலர் சொல்லக்கூடும். பூதம் அல்ல, ஐயா! விமான நிலையத்தைக் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பயணியின் கூடையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு திங்கள் நிரம்பிய சிறுத்தைக்குட்டி! எடை ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். அதை வண்டலூரில், அறிஞர் அண்ணா பெயர் தாங்கிய உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். 2022 ஆகஸ்டில் அதே பாங்காக்கிலிருந்து ஒரு குரங்கு, பதினைந்து கிங் பாம்புகள், ஐந்து பால் பைத்தான்கள், இரண்டு ஆமைகள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும்! அகப்பட்டவை இவை. அகப்படாதவை எந்தக் கூடத்தில் எந்த விளக்கொளியில் குளிர்காய்கின்றனவோ? சிறுத்தைக்குட்டியை யாரோ ஒருவர் கேட்டிருந்ததால்தானே அது கூடையில் ஏறிற்று? அந்த யாரோ ஒருவர் இன்னும் நம்மிடையே நடமாடுகிறார். அவர் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்கிறோம். பாம்பாட்டியின் மகுடியை 1972ஆம் ஆண்டுச் சட்டம் பிடுங்கிற்று. கரடியும் குரங்கும் சிங்கமும் புலியும் வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் ஆணை வந்தது; 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவை நேர்மையான ஆணைகள். சாட்டையடிபட்ட கரடியின் கண்ணைக் கண்டவன் எவனும் அவற்றை எதிர்க்க மாட்டான். 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்தது ஒரு பச்சைக்கிளி. மறுநாளே கிளி சோதிடரை வனத்துறையினர் பிடித்துக் கொண்டுபோனார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு எச்சரித்து அனுப்பினார்கள். சோதிடத்தின்மேல் எனக்குக் கடுகளவும் நம்பிக்கை இல்லை. கிளி வானத்தில் பறக்கப் பிறந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனாலும் என் நெஞ்சில் ஒரு முள். நாள் முழுதும் மரத்தடியில் உட்கார்ந்து பத்தும் இருபதும் சேர்க்கிறவனின் கிளிக்கூண்டு சட்டத்தின் கண்ணில் பளிச்சென்று படுகிறது. அதே சட்டம், லட்சக்கணக்கில் விலை போகும் மக்காவ் கிளியைக் கூண்டில் வைத்தவனுக்குப் பதிவுச் சான்று நீட்டுகிறது. ஏழையின் கிளிக்குக் கைவிலங்கு, செல்வனின் கிளிக்குக் கையெழுத்து! நம் நாட்டுக் கிளியைக் காப்பது முறை என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். கூண்டு என்பது கூண்டுதானே? பிரேசில் காட்டுக்கும் வானம் உண்டல்லவா?

மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து, கானகத்து மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனான். மயிலைக் கொண்டுவந்து முன்கூடத்தில் கட்டிவைத்து, விருந்தாளிக்குக் காட்டிப் பெருமை பேசினான் என்று யாரும் பாடவில்லை!

நம் வீட்டுக்கு அருகிலேயே நிகழ்ந்ததைச் சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானையை அறியாத நெல்லைக் குழந்தை உண்டா? முதுமையில் கால் நோவு கண்டது. 2022இல் அன்பர்கள் தோலால் செருப்புத் தைத்துக் கொடுத்தார்கள், 12,000 ரூபாய்ச் செலவில். செருப்பணிந்து நடந்த யானையைக் கண்டு ஊரே உருகிற்று. 2025 சனவரி 12இல் அது மறைந்தபோது, கடவுளை நம்பாத என் போன்றோர் கண்ணிலும் நீர் வந்தது உண்மை. ஆனால் அதற்கு இரு திங்களும் ஆகாத முன்பு, 2024 நவம்பர் 18இல், திருச்செந்தூரில் என்ன நிகழ்ந்தது? தெய்வானை என்ற யானை, தன்னை வளர்த்த பாகனையும் அவர் உறவினரையும் நொடிப்பொழுதில் கொன்றது. நெருங்கி நின்று படமெடுத்ததாகச் செய்தி வந்தது. பாகனைத் தள்ளிவிட்ட பின், அவரை எழுப்ப முயல்வதுபோல் நின்றதாகவும் சொன்னார்கள். யானையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவா? அதற்கு முன்பே அது கூண்டில்தானே நின்றது!

யானைக்கு விதி இல்லாமலில்லை. 2011இலேயே வளர்ப்பு யானைகளுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் எழுதப்பட்டன. கொட்டில் எவ்வளவு, தீனி எவ்வளவு, மதம் பிடித்த காலத்தில் என்ன செய்வது என்றெல்லாம் விதித்தார்கள். 2023இல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் இனிக் கோயிலோ தனியாரோ புதிதாக யானை வாங்கலாகாது என்று அறிவுறுத்திற்று. பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு பழகிய யானைக்கே இத்தனை வேலி வேண்டியிருக்கிறது. நேற்று விமானத்தில் வந்திறங்கியதற்கு ஒரு தாள் போதுமாம்!

இனி நாய். ஆம், நாய்தான்! 2024 மே திங்களில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. உடனே என்ன செய்தார்கள்? அதற்கு முன்பே, மார்ச்சில், 23 நாயினங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. யாரையும் கலந்து பேசாமல் எழுதினார்கள் என்று ஏப்ரலிலேயே கர்நாடக உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நம் மாநிலத்திலும் அந்தப் பட்டியலை ஒட்டித் தடை என்று மே திங்களில் அறிவித்தார்கள். அறிவித்த வேகத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி தானே முன்வந்து, பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லை, மீறினால் 1 லட்சம் ரூபாய் தண்டம் என்று தீர்மானித்தது. ஏற்கெனவே உரிமம் பெற்ற நாய்கள் வெளியே வந்தால் வாய்க்கூடும் கழுத்துப்பட்டையும் வேண்டும் என்றது.

இதைக் கவனியுங்கள், தோழர்களே. டில்லி போட்ட பட்டியல் நீதிமன்றப் படியிலே விழுந்தது. தெருவையும் பூங்காவையும் அன்றாடம் கூட்டிப் பெருக்குகிற மாநகராட்சி தன் எல்லைக்குள் ஒரு விதியை நிறைவேற்றிக் காட்டிற்று. எந்தத் தெருவில் எத்தனை அடிச் சந்து, எந்த வீட்டுச் சுவர் எந்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது, வெள்ளம் எந்தப் படிவரை ஏறும் என்பதெல்லாம் டில்லிக்கு எப்படித் தெரியும்? சென்னைக்குத்தான் எப்படித் தெரியும்? திருநெல்வேலி மாநகராட்சிக்குத் தெரியும், தெரிந்தாக வேண்டும்.

நான் கேட்பது புதுமையும் அன்று. இங்கிலாந்திலே 1969இல் ஹாரட்ஸ் என்ற கடையில் சிங்கக்குட்டியையே விற்றார்கள்! இரண்டு இளைஞர்கள் வாங்கி, லண்டன் நகரத்திலே வளர்த்தார்கள். பார்க்க அழகுதான். அழகு வளர்ந்து ஆளுயரம் ஆனதும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1976இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஆபத்தான வனவிலங்குச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தில் ஓர் அருமை உண்டு. உரிமம் தருவது பாராளுமன்றமும் அன்று, அமைச்சரும் அன்று, உள்ளூராட்சி மன்றம். கால்நடை மருத்துவர் வந்து இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்டை அயலாருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடு கொடுக்கக் காப்பீடு செய்திருக்க வேண்டும். பட்டியல் போட்டிருக்கிறார்கள், அந்தப் பட்டியலின் அளவுகோல் ஆபத்து! சட்டம் வந்ததும் சிலர் வளர்த்த விலங்குகளை இரவில் அவிழ்த்துவிட்டார்கள் என்ற பேச்சும் அங்கே இன்றளவும் உண்டு. ஆகவே, வேண்டாம் என்பவன் கொண்டுவந்து ஒப்படைக்க ஓரிடமும் வேண்டும். இல்லையேல் ஆறுதான் அந்த இடமாகும், நம் ஆறு!

அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் அந்த அறிவைப் பெறாமல் காலந்தாழ்த்திற்று. 2011 அக்டோபரில் சேன்ஸ்வில் என்ற ஊரில் ஒரு மனிதன் தன் பண்ணைக் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான். ஐம்பதுக்கு மேற்பட்ட விலங்குகள் இருட்டில் ஊர்ப்பக்கம் நடந்தன. காவலர்கள் வேறு வழியின்றிச் சுட்டார்கள். மாண்டவை ஏறத்தாழ ஐம்பது. அவற்றில் 18 வங்கப் புலிகள்! நம் களக்காடு முண்டந்துறையில் ஒரு புலியின் காலடித்தடம் கண்டாலே மாலையில் தேநீர்க் கடையெல்லாம் அதே பேச்சு. அங்கே ஒரே இரவில் பதினெட்டு. மறு ஆண்டில் சட்டம் வந்தது. பிணத்தின் மேல் நின்று எழுதிய சட்டம்.

நம்மிடமும் ஒரு பிரிவு இருக்கிறது என்பார்கள் சட்டம் படித்தோர். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு. விலங்கை வைத்திருப்பவன் அசட்டையாயிருந்தால் ஆறு திங்கள் சிறை, அல்லது 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். முன்பு தண்டம் ஆயிரமாயிருந்தது; வெள்ளைக்காரன் காலத்து ஆயிரத்தை நம் காலத்தில் ஐந்தாயிரமாக்கினார்கள். அந்த மூன்றடுக்கு வீட்டுக் கண்ணாடிப் பேழையின் விளக்கு விலைக்குக் காணுமோ என்னவோ! அசட்டை என்பது எப்போது வெளிப்படும்? கடித்த பின்பு!

"என் வீடு, என் பணம், என் விருப்பம், நீ யார் கேட்க?" என்ற குரல் எழும். நியாயமான குரல்தான்; ஒருவன் கூடத்தில் எட்டிப் பார்ப்பது அரசியலுக்கு அழகன்று. ஆனால் வீட்டுக்குள் வெடிமருந்து வைக்க உரிமம் கேட்கிறோமே, ஏன்? சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால்தானே? "விலங்கின்மீது எங்களுக்குள்ள அன்பைக் கொச்சைப்படுத்தாதீர்கள்" என்ற குரலும் எழும். அன்பை நான் அறிவேன். கோழியும் ஆடும் கன்றும் நம் திண்ணையில் பிறந்து நம் பிள்ளைகளோடு வளர்ந்தவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் தென்பாண்டிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகக் காவல் நின்ற நாய்கள். அவற்றின் கோபம் நமக்குத் தெரியும்; நம் கோபம் அவற்றுக்குத் தெரியும். அமேசான் ஆற்றங்கரை ஓணானின் மனத்தை யார் படித்தார்? அது செந்நிற விளக்கின் கீழே கண்மூடிக் கிடந்ததே, அது இன்பமா, சலிப்பா? எனக்குத் தெரியவில்லை, வளர்த்தவருக்கும் தெரியாது. அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் சால்மொனெல்லாக் கிருமி குழந்தையின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மட்டும் மருத்துவர்கள் அறிவார்கள். அதே கிருமிக்கு அஞ்சித்தான் 1975இல் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்கத் தடை போட்டது. பிள்ளைகள் ஆமையை வாயில் வைத்துவிடுகிறார்களாம்!

ஆகவே, வண்ணார்பேட்டைத் தோழர்கள் கூடிப் பேசினோம். மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். சென்னையில் பதிவானது என்னென்ன என்று இங்குள்ள மாநகராட்சிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கும் தெரிய வேண்டும். பாம்பு புகுந்தால் நாம் அழைப்பது தீயணைப்புத் துறையினரைத்தானே? சைட்டிஸ் பட்டியலில் இல்லாத, ஆனால் ஆளுக்குத் தீங்கு செய்யக்கூடிய பிராணி எதுவாயினும் மாநகராட்சி உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கால்நடை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். உரிமம் கொடுப்பதற்கு முன் சுவரை ஒட்டிய வீட்டாரைக் கேட்க வேண்டும். 2023இல் வெள்ளம் ஏறிய தெருக்களில், தரைத்தளத்தில், இவற்றை வைக்க உரிமமே கூடாது. நஞ்சுள்ள அயல்நாட்டுப் பாம்பு என்றால் பேச்சே இல்லை, தடை. இவ்வளவுதான். யாருடைய ஓணானையும் பிடுங்கச் சொல்லவில்லை.

எழுதியதை அந்த மூன்றடுக்கு வீட்டுக்காரரிடமே முதலில் காட்டினோம். நெடுநேரம் படித்தார். தரைத்தளம் என்ற வரியில் விரலை வைத்து, "மாடிக்கு ஏத்திருதேன் அண்ணாச்சி, வெள்ளம் வந்தன்னைக்கு நானும் பயந்துதான் கெடந்தேன்" என்றார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். அவர் பெயருக்கு மேலே ஏற்கெனவே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது, ஆச்சியுடையது. நீல மை அவர் கையில் இன்னும் போகவில்லையாம். அறுபதாண்டு பிறர் துணியின் கறை போக்கிய கை, இதைப் போக்க அவசரப்படவில்லை.

வருகிற வாரத்துக்குள் உங்கள் பகுதியிலும் தாளைக் கொண்டு இறங்குங்கள். சுவரை ஒட்டிய வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள்.